நூற்றுக்கு நூறு ஆசாமி

தாம்பரம்–பீச் மின்சார ரயிலில் கதவோரம் நின்றபடி, செல்போனை முறைத்துக்கொண்டு "மூணு... நாலு... அஞ்சு..." என்று முணுமுணுக்கும் ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். ஜபமெல்லாம் இல்லை. ஏதோ ஒரு வெப்சைட் திறக்க எத்தனை நொடி ஆகிறதென்று எண்ணிக்கொண்டிருக்கிறார். வேலை சானடோரியம் மெப்ஸிலோ ஓ.எம்.ஆரிலோ, வீடு சேலையூர், செம்பாக்கம் பக்கம், தொழில் பிரன்ட் எண்ட் டெவலப்பர், வியாதி வேகம்.

மேடவாக்கம் நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்றாலும் அசராத மனிதர், ஒரு பக்கம் திறக்க 2.5 நொடியைத் தாண்டினால் துடித்துப்போவார். அந்த 2.5 அவர் வைத்த கணக்கில்லை. பக்கத்தின் முக்கியமான படமோ தலைப்போ அதற்குள் கண்ணில் பட்டுவிட வேண்டும் என்பது கூகுள் வகுத்த வரம்பு. தொட்டால் 200 மில்லி செகண்டுக்குள் பக்கம் அசைந்து கொடுக்க வேண்டும் என்பது 2024 மார்ச்சில் சேர்ந்துகொண்ட இன்னொன்று. கொத்தமல்லி வாங்கிவரச் சொன்னால் இவர் அசைந்து கொடுக்க அரை மணி நேரம் ஆகும் என்பது வீட்டம்மாவின் அளவீடு. அதற்குக் கூகுள் இன்னும் வரம்பு வைக்கவில்லை.

இவருடைய குரு ஸ்டீவ் சவுடர்ஸ். யாஹூவில் இருந்தபோது, 2007இல், அவர் ஒரு புத்தகம் எழுதினார். பக்கத்துக்காக நாம் காத்திருக்கும் நேரத்தில் 80, 90 சதவீதம் சர்வரில் கழிவதில்லை, பக்கத்தைப் பிரவுசர் இறக்கி வரையும் பிரன்ட் எண்டில்தான் கழிகிறது என்றார். அதிலிருந்து நம்மவருக்குத் தூக்கம் குறைந்துபோனது.

சேலையூரில் தெரிந்த ஸ்வீட் ஸ்டால்காரர் ஒருவர், "நம்ம சைட்டைக் கொஞ்சம் பாரு தம்பி" என்றார். மற்றவர்கள் விலையைப் பார்ப்பார்கள். இவர் எடையைப் பார்த்தார். மைசூர்பாகு படம் மட்டும் 4 எம்.பி.! போன் கேமராவில் எடுத்தது எடுத்தபடி, 4000 பிக்சல் அகலத்தில் ஏற்றியிருந்தார்கள். வாங்க வருகிறவர் போனிலோ அது தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும். லைட்ஹவுஸ் என்ற சோதனைக் கருவி, நொடிக்கு 1.6 மெகாபிட் வரும் மந்தமான 4ஜி என்று வைத்துக்கொண்டுதான் மார்க் போடும். அந்தக் கணக்கில் இந்த ஒரு படம் வந்து சேர 20 நொடி. "மைசூர்பாகு" என்று யூனிகோடில் எழுதினால் 30 பைட். படத்துக்கு நாற்பது லட்சம். தமிழ் எழுத்து இடத்தை அடைக்கிறது என்று இனி யாராவது அவரிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

அன்று இரவே உட்கார்ந்துவிட்டார். படங்களைச் சுருக்கி வெப்பி (WebP) என்ற எடை குறைந்த வடிவத்துக்கு மாற்றினார். மைசூர்பாகு 50 கே.பி.க்குள் அடங்கியது. கீழே இருக்கும் படங்களுக்கு லேஸி லோடிங், அதாவது அருகே வரும்போது இறங்கினால் போதும். (முதல் படத்துக்கும் அதையே போட்டுவைத்த ஜூனியர் பையன் வாங்கிய திட்டு தனிக்கதை. கண்ணுக்கு முன்னால் நிற்கவேண்டியதைத் தாமதப்படுத்தலாமா?) ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் குறித்தார். இல்லாவிட்டால் படம் திடீரென வந்து பட்டனைக் கீழே தள்ளும். அரை கிலோவைத் தொடப்போன விரல் அஞ்சு கிலோவில் போய் விழும். ஸ்கிரிப்டுகள் பக்கத்தை மறிக்காமல் பிறகு ஓடட்டும் என்று டிஃபர் போட்டார். நாலு தடிமனில் ஏற்றியிருந்த தமிழ் எழுத்துருவில் மூன்றைத் தூக்கினார். மிச்சமிருப்பது வந்து சேரும்வரை போனில் உள்ள எழுத்திலேயே படிக்கட்டும் என்று விட்டார். லைட்ஹவுஸ் நூற்றுக்கு நூறு போட்டது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தார். அவருடைய அம்மா லைக் போட்டார்.

காலையில் கடைக்காரரிடம் காட்டினார்.

"பளபளன்னு ஓடுமே அந்த ஸ்லைடர், அது எங்க தம்பி?"

"அஞ்சு பெரிய படத்தை இழுத்துட்டு வரும்ணே. கஸ்டமர் அதுக்குள்ள ஓடிருவாரு."

"சரி விடு. தீபாவளி வருது. மொதப் பக்கத்துல சரவெடி வெடிக்கிற மாதிரி ஒண்ணு வெச்சுக் குடு."

பேரம் ஒரு மணி நேரம் நடந்தது. பக்கம் முழுக்க வந்த பிறகுதான், அதுவும் விரலால் தொட்டால்தான் வெடிக்கும் என்பதில் இவர் உறுதியாக நின்றார். கடைக்காரர் யோசித்தார், பாதுஷா ஒன்றை எடுத்து நீட்டினார், ஒப்புக்கொண்டார்.

"சத்தம் வரும்ல?"