நாற்காலியை விட்டு எழாமல் 10,000 அடி நடப்பது எப்படி?

ஹெச்.ஆர். அனுப்பும் 'உங்கள் நலமே எங்கள் பலம்' மெயிலைப் பார்த்து மிரள வேண்டாம். கடைசிப் பத்தியை மட்டும் படியுங்கள்: தினம் 10,000 அடி நடந்தால் மாதக் கடைசியில் பரிசுக் கூப்பன். எந்த டாக்டர் சொன்ன கணக்கு என்று கேட்டு வைக்காதீர்கள். 1965-ல் ஜப்பானியக் கம்பெனி ஒன்று, தான் விற்ற அடி எண்ணும் கருவிக்கே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பெயர் சூட்டியது. அந்த விளம்பரம்தான் இன்று உங்கள் டார்கெட்.

வாட்சுக்குக் காலைத் தெரியாது, கையைத்தான் தெரியும். சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி ஒரு மணி நேரம் சுற்றினாலும் சரியாக ஏறாது. தேங்காய் துருவுங்கள், ஏறும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் யோகம்: தூளிக் கயிற்றில் வாட்சைக் கட்டிவிட்டு ஆட்டுங்கள். இல்லாதவர்கள் பக்கத்து ஃப்ளாட்டில் சொல்லி வைக்கலாம்.

லீடர்போர்டில் ஹவுஸ்கீப்பிங் அக்காவின் பெயரைத் தேடாதீர்கள். காலை ஆறரை மணியிலிருந்து வாளியும் மாப்புமாக மாடி மாடியாக ஏறி இறங்குபவர்தான். ஆனால் கான்ட்ராக்ட், ஆப்பில் லாகின் கிடையாது.

அடுத்து பி.எம்.ஐ. பெங்களூருவின் ஜெரோதா கம்பெனி 2022-ல், 25-க்குக் கீழே இருப்பவர்களுக்கு அரை மாதச் சம்பளம் போனஸ் என்று அறிவித்தது. உங்கள் ஆபீசுக்கும் அந்த ஆசை வரலாம். எடை பார்க்கும் நாளில் பட்டினி கிடப்பது கற்றுக்குட்டிகள் வேலை. உயரத்தில் கவனம் வையுங்கள். 170 செ.மீ., 72 கிலோ ஆசாமி ஒரு சென்டிமீட்டர் நிமிர்ந்தால் முக்கால் கிலோவுக்கு மேல் இளைத்த பலன். கொண்டை போடுகிறவர்கள் பாக்கியசாலிகள். இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை தொடங்கிவிடுகிறது என்று டாக்டர்கள் சொல்வதை அங்கே வாய் தவறியும் சொல்லிவிடாதீர்கள்.

கடைசியாகத் தூக்கம். ஆப் எட்டு மணி நேரம் கேட்கும். அமெரிக்கா கிளையண்ட் கால் ராத்திரி பதினொன்றுக்கு. அதைப் போட்டவர் இதே சேலஞ்சைத் தொடங்கிவைத்துப் பேசிய மேனேஜர். வாட்சைக் கழற்றி மாமனார் கையில் மாட்டிவிட்டு லேப்டாப்பைத் திறங்கள். ஒன்பதரைக்கே தூங்கிவிடும் மனிதர், பாயிண்ட் கொட்டும். என்றாவது அவருடைய நாடித்துடிப்பைப் பார்த்து, டாக்டரிடம் காட்டும்படி ஆப் உங்களை எச்சரித்தால் பதறாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து மேனேஜருக்கு அனுப்பி, வெள்ளிக்கிழமைக்கு லீவு கேளுங்கள்.