தூக்குப்போசிக்குள் ஒரு பை

நேற்று இரவு எட்டரை மணிக்கு, சேலம் நகரத்தின் ஜனசந்தடி மிகுந்த வீதியொன்றில், பெயர் சொல்ல விரும்பாத ஓர் உணவு விடுதியின் வாசலில், எவர்சில்வர் தூக்குப்போசியைக் கையில் ஏந்திக்கொண்டு, திருவோடு ஏந்திய சந்நியாசியின் வைராக்கியத்தோடும் ஆனால் அவனுக்குரிய சாந்தம் லவலேசமும் இன்றியும் நான் இருபது நிமிஷம் நின்றேன். சாம்பாரைப் போசியிலேயே ஊற்றித் தரும்படி இரண்டு முறை விண்ணப்பம் செய்திருந்தேன். பார்சல் கட்டும் தம்பி மகா மரியாதையோடு போசியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதே மரியாதையோடு கொண்டுவந்து நீட்டினார். சந்தேகப் பிராணியாகிய நான் மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே, கர்ப்பக்கிருகத்து மூர்த்தியைப்போல, பாலிதீன் பையில் இறுகக் கட்டிய சாம்பார் எழுந்தருளியிருந்தது.

“ஏந்தம்பி, இதென்ன?”

“அப்படியே ஊத்துனா வண்டியில போகையில தளும்பிச் சிந்திப் போயிருமுங்கண்ணா. அதான் கட்டிப் பத்திரமா உள்ள வெச்சிருக்கறனுங்க.”

“கவர் வேண்டாமுன்னுதானே போசியைக் குடுத்தேன்?”

“கவருக்குக் காசெல்லாம் இல்லீங்ணா, சும்மாதான்.”

இதற்கு மறுமொழி சொல்லும் சாமர்த்தியம் எனக்கு இல்லை. 2018ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் தேதி எங்கள் ஜில்லாக்காரரான முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்து, 2019 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த தடையுத்தரவு 14 வகைப் பொருள்களைப் பெயர் சொல்லி விலக்கிற்று. ஆட்சி மாறிய பிறகு, 2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். இரண்டு கழகங்களும் ஏகமனதாக ஒப்புக்கொண்ட விஷயங்கள் நம் ராஜ்யத்தில் அபூர்வம். அந்த அபூர்வமான ஒற்றுமையையும் தகர்த்துவிடும் வல்லமை இரண்டு கரண்டிச் சாம்பாருக்கு இருக்கிறது.

நான் எதற்காகப் போசியும் கையுமாக அலைகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் படிக்கும் என் மகள் சென்ற தை மாதத்தில், நம் குடும்பம் இனிமேல் குப்பையே உண்டாக்காத குடும்பம் என்று ஒரு சங்கற்பம் செய்துகொண்டாள்; சங்கற்பம் அவளுடையது, அனுஷ்டானம் எங்களுடையது. பிரான்ஸில் பிறந்து கலிபோர்னியாவில் குடியேறிய பியா ஜான்சன் என்ற அம்மையார் 2013இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறாராம். நாலு பேர் கொண்ட அவர் குடும்பத்தின் ஒரு வருஷத்துக் குப்பை ஒரு கண்ணாடி ஜாடிக்குள் அடங்கிவிடுமாம். நாங்களும் ஒரு ஜாடி வைத்தோம். முதல் நாள் காலை பத்தரை மணிக்கு அது நிரம்பிவிட்டது. மறுநாள் என் மனைவி அதைக் கழுவி நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுவிட்டாள். ஊறுகாய் பிரமாதமாக இருக்கிறது.

மகள் மனந்தளரவில்லை. புதிய பை எதுவும் உள்ளே வரக்கூடாது, இருப்பதை முதலில் கணக்கெடுப்போம் என்றாள். ஆகவே, சமையலறைக் கதவின் பின்னால் ஆணியில் தொங்குகிறதே, அந்தப் பையை இறக்கினோம். எந்தப் பை என்று கேட்கும் வாசகர் இக்கட்டுரையை மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. கூடத்தில் கவிழ்த்தபோதுதான் அதற்குள் ஒரு பெரிய சமஸ்தானமே இருப்பதைக் கண்டேன். தலைமை ஸ்தானம் ஜவுளிக்கடைப் பைகளுக்கு: தடித்த மேனி, உறுதியான கைப்பிடி, பளபளப்பு; கல்யாணங்களுக்கு மாற்றுத்துணி எடுத்துப் போவதற்கென்று ஒதுக்கப்பட்டவை; ஆயினும் எந்தக் கல்யாணமும் அவற்றின் அந்தஸ்துக்குப் போதவில்லை என்று இன்றுவரை எடுக்கப்படாதவை. அடுத்த வரிசையில் தாம்பூலப் பைகள். துணி மாதிரித் தோன்றித் துணியல்லாத அந்த மாயப்பைகள் மேற்படி 14 வகைகளில் அடக்கம் என்பது எங்கள் பந்துக்களில் ஒருவருக்கும் தெரியாது. மணமக்களின் பெயர் மங்கலாக இருக்கிறது. அவர்களுடைய குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். பையோ தொட்டால் திருநீறுபோல உதிர்கிறது. ஆனாலும் முழுவதும் உதிர்ந்து தீரும்வரை வைத்திருப்போம். அதற்குக் கீழே மளிகைப் பைகள், மருந்துக்கடைப் பைகள், ஒரு காலத்தில் கொத்தமல்லித் தழை வந்து இன்னும் அந்த வாசனையை மறவாத மெல்லிய பைகள். பிறகு பால் பாக்கெட்டுகள்: மூலை மட்டும் வெட்டி, அலசி, குளியலறை ஓட்டில் ஒட்டிக் காயவைத்து, நூறு சேர்ந்தால் கட்டாகக் கட்டி, பழைய பேப்பர்க்காரரிடம் எடை போட்டு, கிடைத்த தொகைக்கு ஒரு டீ குடிக்கலாம், அந்த டீயை நான் குடித்ததில்லை, ஏனெனில் கட்டு இன்னும் விற்பனைக்குப் போகவில்லை. இவற்றுக்கெல்லாம் அடியில், தீண்டத் தயங்கும் நிலையில், சட்னிப் பைகள். அவற்றின் முடிச்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. திருமாங்கல்யத்துக்கே மூன்று முடிச்சுப் போதும் என்று திருப்தியடைந்த நம் சம்பிரதாயம், தேங்காய்ச் சட்னிக்கு மட்டும் பதினெட்டுச் சுற்று நூல் வேண்டுமென்று எந்த சாஸ்திரத்தில் கண்டதோ! பல்லால் கடிப்பவர் ஒரு சாரார், கத்தரிக்கோல் தேடுபவர் ஒரு சாரார். என் மனைவியோ நூலின் நுனியைக் கண்டுபிடித்துப் பொறுமையாகப் பிரிப்பாள். பையும் பிழைக்கும், நூலும் பிழைக்கும். நூலுக்குத் தனியாக ஒரு டப்பா இருக்கிறது.

மொத்தம் எண்ணியதில் 212. மஞ்சப்பை 9. பத்து ரூபாய் நாணயம் போட்டால் மஞ்சப்பை உதிர்க்கும் இயந்திரங்கள் இப்போது ஊர்களில் நிற்கின்றன அல்லவா? வீட்டில் பை இருக்கக் கடைத்தெருவில் வெறுங்கையோடு நின்ற ஒவ்வொரு தடவைக்கும் நான் கட்டிய அபராதம் அந்த ஒன்பது.

இந்த இடத்தில், “அந்தக் காலத்தில் எங்கள் அம்மாயி எதையும் வீணாக்கியதில்லை” என்று எழுதிக் கண் கலங்குவது கட்டுரையாளர்களின் வழக்கம். நான் அதைச் செய்யப்போவதில்லை. என் அம்மாயிக்கு எறிவதற்கு எதுவும் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். இல்லாமையைப் பிடித்து விவேகம் என்று பட்டம் சூட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டுக் குப்பையை மக்குவது, மக்காதது, அபாயகரமானது என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. எங்கள் வீட்டில் நான்காவதாக ஒரு வகை உண்டு: ‘இருக்கட்டும்’. முதல் மூன்றும் சேர்ந்து ஒரு வாளி. நான்காவது, பரண் முழுவதும். பரணின் பாதியை முட்டை அட்டைகள் அடைத்திருக்கின்றன. அவை நாமக்கல்லில் வசிக்கும் என் மைத்துனரின் உபயம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் குப்பையில்லா நகரம் என்று நாடெங்கும் கீர்த்தி பெற்று, ஐ.எஸ்.ஓ. 14001 சான்றிதழும் வாங்கிய ஊர் அது. அந்தச் சான்றிதழைத் தாமே எழுதிக் கையொப்பமிட்டவர்போல மைத்துனர் பேசுவார். “எங்க ஊருல பாருங்க மாப்ள” என்று தொடங்கினால் இரண்டு காப்பி ஆகும். அப்படிப் பேச வரும்போதெல்லாம் முப்பது முட்டையை அட்டையோடு கொண்டுவருவார். அட்டையைத் திருப்பி எடுத்துப் போகமாட்டார். நாமக்கல்லில் குப்பை இல்லாமற்போன ரகசியம் எனக்குப் பரணில் ஏறியபோது விளங்கிற்று.

அந்த அட்டைகளைக் கிழித்து உரப்பானையில் போட்டால் அருமையாக மக்கும் என்றாள் மகள். மூன்றடுக்கு மண்பானை ஒன்று வாங்கி மொட்டைமாடியில் வைத்திருக்கிறோம்; ஈரக்கழிவு ஒரு பங்குக்குக் காய்ந்த சருகு இரண்டு பங்கு, கொஞ்சம் புளித்த மோர், இதுதான் விதி. அட்டையைத் தர மனைவி சம்மதிக்கவில்லை. கொலு சமயத்தில் பொம்மை வைக்க ஆகுமாம். இதற்கிடையில் மாம்பழக் காலம் வந்துவிட்டது. சேலத்துக்காரர்கள் சித்திரை வைகாசியில் குண்டும் மல்கோவாவும் தின்னும் வேகத்தை எந்தப் பானையும் தாங்காது. கொட்டைகள் மக்கவில்லை, முளைத்தன. பதினோரு கன்றுகள். அவற்றை எறிய மனமின்றிப் பால் பாக்கெட்டுகளில் மண் நிரப்பி நட்டு வைத்திருக்கிறாள் என் மனைவி. டீக் காசு போயிற்று. மைத்துனர் வந்தபோது இரண்டு கன்றுகளை வலியக் கொடுத்தனுப்பினேன். அன்று எனக்கு உண்டான ஆனந்தத்தை வர்ணிக்க இயலாது.

உரம் துர்நாற்றமில்லாமல் பக்குவமாகத் தயாராகும் முறையை விஸ்தாரமாகச் சொல்லவேண்டும் என்றுதான் இன்று பேனாவை எடுத்தேன். ஆனால் கொடியைப் பார்க்கும்போது எழுத்து ஓடவில்லை. என் வேட்டிக்கும் துண்டுக்கும் நடுவே, நேற்றைய சாம்பார்ப் பை, முடிச்சு அவிழ்ந்து, சீயக்காயில் குளித்து, கிளிப்பில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் மூலையில் ஒரு சிறு ஓட்டை இருப்பதைச் சற்றுமுன் கண்டேன். விமோசனம் பிறந்தது என்று கையை நீட்டினேன்.

“ஏனுங்க, அதை எதுக்குத் தொடறீங்க? ஓட்டைன்னா சாம்பாருதான் ஊத்த முடியாது. பூண்டு போட்டு வெச்சா காத்தோட்டமா இருக்குமுங்க.”

213.