மேடையில் ரொம்ப நன்றாகப் பாடிவிடாதீர்கள்

ஏகேபி48 மாதிரி ஒரு ஜப்பானியப் பெண்கள் குழுவில் சேர ஆசையா? முதல் காரியமாகப் பாட்டு வகுப்பை நிறுத்துங்கள். குரல் தேறிவிட்டால் ரசிகருக்கு உங்களிடம் வேலையில்லை. திக்கித் திணறும் ஒரு சிறுமி தன் கண்ணெதிரே முன்னுக்கு வருவதைப் பார்க்கத்தான் அவர் காசு கொடுக்கிறார். பாடலாசிரியர் அகிமோதோ யசுஷி இதைப் புரிந்துகொண்டுதான் 2005 டிசம்பரில், டோக்கியோவின் அகிஹபராவில், டான் கிஹோத்தே கடைக் கட்டடத்தின் எட்டாவது மாடியில் 250 பேர் கொள்ளும் அரங்கை ஏகேபி48க்காகத் திறந்தார். முதல் நாள் டிக்கெட் வாங்கி வந்தவர்கள் 7 பேர். பார்வையை மறைக்க இரண்டு தூண்கள் வேறு. எந்த இடத்தில் நின்றால் தூணுக்குப் பின்னால் போய்விடுவோம் என்று முதலில் பழகுங்கள்; நடனம் அப்புறம்.

தேர்வில் தோற்றால் அழ வேண்டாம். ஷினோதா மரிகோ தோற்றபின் அந்த அரங்கின் காபிக் கடையில் வேலை செய்தார். வந்துபோன ரசிகர்களுக்குப் பிடித்துப்போக, குழுவுக்குள் வந்துவிட்டார்.

உண்மையான உழைப்பு ரசிகர்களோடு கைகுலுக்குவதில்தான். சிடியோடு வரும் சீட்டு ஒன்றுக்குச் சில நொடிகள். அதற்குள் வந்தவரின் பெயர், போன தடவை சொன்ன கவலை, புதிதாக வெட்டிய முடி எல்லாம் நினைவுக்கு வரவேண்டும். வந்தால் உங்களைத் தெய்வம் என்பார்கள். முகம் சுளித்தால் உப்பு என்பார்கள். ஊழியர் ஒருவர் ரசிகரின் தோளைத் தொட்டு நகர்த்துவார். அப்போது முகத்தில் காட்டவேண்டிய பிரிவுத் துயரம் உங்கள் பொறுப்பு. 2014 மே மாதம் இவாதேயில் ஒருவன் ரம்பத்தோடு வந்து இரண்டு பெண்களையும் ஓர் ஊழியரையும் வெட்டினான். அதன்பின் சோதனைகள் கூடின. கைகுலுக்கலை அப்போது யாரும் கைவிடவில்லை.

அடுத்தது தேர்தல்: அடுத்த பாட்டில் யார் முன்னால் நிற்பது என்று ரசிகர்கள் வாக்களித்து முடிவுசெய்தார்கள். 2018 வரை சிடிக்குள் வாக்குச் சீட்டு இருந்தது; ஒருவரே நூற்றுக்கணக்கில் வாங்கினாலும் சட்டப்படி குற்றமில்லை. 2017இல் சஷிஹாரா ரினோ வாங்கிய வாக்குகள் 2,46,376. ஆதரவாளர்கள் ஏழைகள் என்றால் கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட்டு இருந்தது: 2010இல் அதில் ஜெயித்த உச்சிதா மயுமிக்கு அடுத்த பாட்டில் நடு இடம் கிடைத்தது. எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் நேர்மையான போட்டி அது ஒன்றுதான்.

காதல் கூடாது. 2013 ஜனவரியில் ஒரு வார இதழில் படம் வந்ததும் மினேகிஷி மினாமி தலையை மழித்துக்கொண்டு, வீடியோவில் அழுது மன்னிப்புக் கேட்டார். வயது 20. பயிற்சி உறுப்பினராக இறக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு பழைய காதல் கதை வெளிவந்ததும் சஷிஹாராவை ஃபுகுவோகாவில் உள்ள சகோதரிக் குழுவான எச்கேடி48க்கு மாற்றியிருந்தார்கள். அவர் அதையே தொலைக்காட்சியில் ஜோக்காக்கினார். 2013 ஜூன் தேர்தலில் முதலிடம். ஆகவே மாட்டிக்கொண்டால் கத்தரிக்கோலைத் தேடாதீர்கள், நகைச்சுவை நிகழ்ச்சி எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள்.

கடைசியில் விலகல். அதையும் விற்கலாம். ஓஷிமா யூகோ 2013 டிசம்பர் 31 இரவு, நாடே பார்க்கும் என்எச்கே நேரலையில் அறிவித்தார். 2014 மார்ச்சில் தேசிய மைதானத்தில் விழா வைத்தார்கள். வானிலை கெட்டு ரத்தாகி ஜூனுக்குத் தள்ளிப்போனது. நீங்கள் மழைக்காலம் பார்த்துத் தேதி குறியுங்கள். இல்லையென்றால் இன்னும் இரண்டு மாதம் கைகுலுக்க வேண்டியிருக்கும்.