மாஸ்டருக்குத் தோளு போச்சாம்!

வாலே மாஸ்டரு, இப்படித் திண்ணையில உக்காரு. வலது கைய யார்கிட்டயோ இரவல் வாங்குனவன் மாதிரி தாங்கிக்கிட்டு வாரியே! ராத்திரிக்கு ராத்திரி வீச்சு பரோட்டாவத் தலைக்கு மேல சுழட்டுனா, தோளுக்குப் பொன்னாடையா போத்துவாவ?

ஆபரேசன் பண்ணிரலாமான்னு கேக்க. ஏம்லே, துட்டு கூடிப் போச்சோ?

தோள் மூட்டச் சுத்தி நாலு சின்னத் தசை உண்டும். கையத் தூக்கையில மூட்டு நழுவாம பிடிச்சு நிறுத்துதது அதுங்கதான். ஓயாம சுழட்டுனா தசைய எலும்போட கட்டியிருக்க நாண் நைஞ்சு வலி எடுக்கும். பிரிட்டன்ல இப்படி வலிக்காரங்க 313 பேரச் சம்மதம் கேட்டு மூணு கூட்டமாப் பிரிச்சாவ. ஒரு கூட்டத்துக்குத் தோள்ல ஓட்டை போட்டு எலும்பச் சுரண்டுனாவ. இன்னொண்ணுக்குக் கேமராவ விட்டு எட்டிப் பாத்ததோட சரி, சுரண்டல. மூணாவது கூட்டத்துக்கு ஒண்ணுமே செய்யல. 2018-ல ‘லான்செட்’ல முடிவு வந்துது: சுரண்டுனவனுக்கும் எட்டிப் பாத்தவனுக்கும் சுகம் ஒண்ணுபோலத்தான். சும்மா கெடந்தவனும் பெருசாப் பின்தங்கிரல.

அதுக்காகக் கையத் தூளி கட்டிப் போட்டுட்டுப் படுத்துராத. அசையாத தோளு இறுகிப் போவும், சுகர்காரனுக்கு இன்னும் சுருக்கா. உனக்குச் சுகருன்னு உன் வீட்டுக்காரி சொன்னா. தினம் பாதாம்கீர் ஊத்துததையும் சேத்துத்தான் சொன்னா.

இடது கைய மேசையில ஊனிக் குனிஞ்சு, வலது கையத் தொங்கவிட்டு மெள்ள ஆட்டு. காட்மேன்னு ஒரு பாஸ்டன் டாக்டர் பேரச் சொல்லித்தான் இந்த ஆட்டத்தக் கூப்பிடுதாவ. சுவத்துல விரலால ஏறு. பிறவு பிசியோக்காரரு ரப்பர் பட்டை குடுப்பாரு. முழங்கைய விலாவோட ஒட்டி வச்சு வெளிய இழு. லேசா வலிச்சாப் பரவால்ல, மறுநாளும் வலி இருந்தா குறைச்சுக்கோ. 12 வாரம் செய்யணும்லே. மூணே நாள்ல விட்டுட்டு பிசியோவ வைய வேண்டியது, அதான உன் வழக்கம்!

ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச வாரத்துக்குச் சுகந்தான். அடிக்கடி குத்துனா நாணு பலம் போவும், சுகரும் ஏறும். விழுந்து கை தூக்கவே வரலன்னாலோ, காய்ச்சலோட தோளு வீங்குனாலோ, நெஞ்சு அமுக்குனாலோ என் திண்ணைக்கு வராத, ஆஸ்பத்திரிக்கு ஓடு.

அதுவரைக்கும் மாவ உன் தம்பி வீசட்டும். அவன் போடுத பரோட்டா செருப்புக்குத்தான் ஆவும். என்ன செய்ய, உன் தோளுக்காக ஊரே மென்னு தொலைக்கோம்.