செப்டிக் டேங்க்கு கட்டப்போற நைனாவுக்கு

இன்னா நைனா, புது வீட்டுக்குக் கடைக்கால் எடுக்குறியாமே? நல்லா கட்டு. செப்டிக் டேங்க்கு விசயத்துல மட்டும் பெரியவன் பேச்சைக் கேளு. ஊர்ல பாதிப் பேர் பண்றதைத்தான் சொல்றேன்.

அடியில சிமெண்ட்டு பூசாதே, தெண்டச் செலவு. நாலு உறையை இறக்கி அடிமண்ணை அப்பிடியே வுடு. கடலோர பூமி, ரெண்டு மழை பெஞ்சா ஊத்துத் தண்ணி மேல வந்துடும். டேங்க்கும் கெணறும் கலந்தா இன்னா, ரெண்டும் உன் வீட்டுதுதானே!

ரெண்டு அறை வைக்கணும்னு எஞ்சினீயரு சொல்லுவாரு. மொத அறையில கசடு கீழ தங்குமாம், ஏடு மேல மெதக்குமாம், நடுவுல தெளிஞ்ச தண்ணி மட்டும் அடுத்த அறைக்குப் போவுமாம். காத்தில்லாத இருட்டுல கிருமிங்க கசடைத் தின்னு கொறைக்குமாம். நீ தெனம் ஆசிட் ஊத்திக் கக்கூசு கழுவு. கிருமிக்கெல்லாம் யாரு சோறு போடுறது?

அப்புறம் மூடி. அதும்மேல கிரானைட்டு ஒட்டி, புல்லட்டை நிறுத்திடு. ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா கசடு எடுக்கணுமாம். நம்ம தெருவுல ஒருத்தரு மக பொறந்தப்ப டேங்க்கு கட்டுனாரு. இப்ப பேரன் பள்ளிக்கூடம் போறான், மூடியை எவனும் கண்டதில்ல. "எங்க டேங்க்கு ரொம்புனதே இல்ல"ன்னு மீசையை முறுக்குறாரு. எப்பிடி ரொம்பும்? அத்தனையும் தெருக் கால்வாய்க்குல்ல போவுது!

கால்வாய்ல வுட்டா ஊரை வுட்டுப் போயிடும், கவலைப்படாதே. எங்க போவும்? காளங்கிக்கு. செங்காளம்மா கோயில் ஓரமா ஓடுதே, அதே ஆறு. அது நேரா பழவேற்காட்டு ஏரிக்குப் போவுது. அங்க சேத்துல மேயுற இறாலை நீதான் ஞாயித்துக்கெழம கிலோ கணக்குல வாங்குறே. ஆக, உன் சொத்து வெளில போவல. பூநாரைத் திருவிழாவுக்கு வந்த பட்டணத்துக்காரன் மூக்கைப் பொத்துனா, பறவை வாசனைன்னு சொல்லிக்க.

2023 ஜூலை 14-ல சந்திரயான் நம்ம ஸ்ரீஹரிகோட்டாலேர்ந்துதான் போச்சு, மொட்டை மாடில நின்னு கை தட்டுனோம். மேல விண்வெளி நிலையத்துல மூத்திரம், வேர்வை எல்லாம் சுத்தம் பண்ணி, நூத்துக்கு 98 பங்கு தண்ணியைத் திரும்ப எடுக்குறாங்களாம். பாவம், அவங்களுக்குத் தெருக் கால்வாய் இல்ல.

நகராட்சி பாத்துக்கும்ங்கிறியா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல ஒரு கணக்கு குடுத்துது. நாட்டு நகரங்கள்ல ஒரு நாளைக்கு வர்ற கழிவுநீர் 72,368 மில்லியன் லிட்டர். சுத்தமாவுறது 20,236. நூத்துக்கு 28 கூடத் தேறல. கட்டி வச்ச ஆலைங்களோ 31,841 தாங்கும். வேடிக்கையைப் பாரு, ஆலை இருக்கு, தண்ணி போய்ச் சேரல! எத்தினியோ ஊர்ல பெரிய குழாய் தெருவோட நிக்குது. வாசலுக்கு இந்தாண்ட நாமதானே செலவு பண்ணணும்?

ஒண்ணு மட்டும் வெளையாட்டு இல்ல. அடைச்சிக்கிச்சுன்னு எவனையும் உள்ள எறக்கிடாதே. அந்த வெசக் காத்து ரெண்டு மூச்சுல ஆளைச் சாச்சிடும், தூக்கப் போனவனும் வுழுவான். காப்புக் கருவி இல்லாம ஆளை எறக்குனா 2013 சட்டப்படி ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயில், இல்லாட்டி 2 லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். செத்தவன் குடும்பத்துக்கு 30 லட்சம் தரணும்னு சுப்ரீம் கோர்ட்டு 2023-லயே சொல்லிடுச்சு.

செங்கல்பட்டு பக்கம் கருங்குழில லாரிங்க கசடை உறிஞ்சி வந்து கொட்டுதுங்க, மணல் படுகைல காய வைக்கிறாங்க. சின்ன ஊருதான், நம்மள வுட ஒசத்தி ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்கு லாரிக் குழாய் உன் டேங்க்குக்குள்ள போவணுமே!

அதனால அடியைப் பூசு, நடுவுல சுவரை எழுப்பு, மூடியை லாரிக் குழாய் எட்டுற எடத்துல வை. இப்பவே பண்ணு நைனா. டைல்ஸ் ஒட்டுன பொறவு எவனும் ஒடைக்க மாட்டான்.