முப்பது பேர், முப்பதும் ஆண்கள்

பிரான்சின் அங்கூலேம் நகரில் ஆண்டுதோறும் ஜனவரியில் காமிக்ஸ் திருவிழா நடந்துவந்தது. 1974-இல் தொடங்கியது. அரசுப் பணம், நகராட்சிப் பணம், அமைச்சர் வருகை எல்லாம் இருந்தன. 2016-இல் அதன் உச்ச விருதான கிராண்ட் பிரிக்கு 30 பெயர்களை அறிவித்தார்கள். அதில் ஒரு பெண்கூட இல்லை.

ஏன் என்று கேட்டார்கள். அப்போது விழாவை நடத்திய பிராங்க் போந்து பதில் வைத்திருந்தார். காமிக்ஸ் வரலாற்றிலேயே பெண்கள் குறைவாம். லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் அப்படித்தானாம். வரலாற்றை அவரால் திருத்த முடியாதாம். பாவம், எவ்வளவு அடக்கம்! அதுவரை கிராண்ட் பிரி வாங்கிய ஒரே பெண் புளோரன்ஸ் செஸ்தாக், 2000-இல். அதற்கு முன் 1983-இல் கிளேர் பிரெத்தெஷேவுக்குப் பத்தாமாண்டுச் சிறப்புப் பரிசு என்று ஒன்றைக் கொடுத்தார்கள். பந்தியில் உட்கார வைக்காமல் தாழ்வாரத்தில் தனி இலை.

பட்டியலில் இருந்த ஆண்களுக்கே கூசியது. ரியாத் சத்தூஃப் முதலில் விலகினார். டேனியல் குளோவ்ஸ், கிறிஸ் வேர் என வரிசையாக விலகினார்கள். உடனே சில பெண்களைச் சேர்ப்பதாக அறிவிப்பு. அதற்கும் எதிர்ப்பு வந்ததும் பட்டியலே ரத்து. ஒரு வாரத்துக்குள் வரலாறு திருந்திவிட்டது!

இந்த வரலாறு எப்படி எழுதப்பட்டது என்பதையும் பார்ப்போம். அமெரிக்காவின் ராபர்ட் கிரம்ப், பெண்களை வதைக்கும் வக்கிரக் கற்பனைகளைக் கூசாமல் வரைந்தார். மேதை என்றார்கள். 1999-இல் அங்கூலேமும் கிராண்ட் பிரி கொடுத்தது. பின்னாளில் அவர் மனைவியான அலின் கொமின்ஸ்கி, 1976-இல் ‘ட்விஸ்டட் சிஸ்டர்ஸ்’ இதழின் அட்டையில் தன்னைக் கழிப்பறையில் உட்கார வைத்து வரைந்தார். முகம் சுளித்தார்கள். ஆண் வரைந்தால் ஆழ்மனம். பெண் வரைந்தால் அசிங்கம்.

இன்னொரு காமிக்ஸ் கலைஞர் ஃபீபி குளோக்னர், ஒரு சிறுமிக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சிறுமியின் பக்கம் நின்று புத்தகமாக வரைந்தார். கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நூலகம் 2004-இல் அந்தப் புத்தகத்தை நீக்கியது. அது குழந்தைகளைச் சீரழிப்பவர்களுக்கான கையேடு என்று மேயரே முழங்கினார். நடப்பது நடக்கலாம், வரையத்தான் கூடாது.

மாண்ட்ரியலில் ஜூலி தூசே 1988-இல் ‘டர்ட்டி பிளாட்’ என்ற குட்டி இதழைத் தானே ஜெராக்ஸ் போட்டு விற்றார். ஒரு கதையில் மாதவிடாய் வந்த பெண் ராட்சச உருவெடுத்து நகரத்தைத் துவம்சம் செய்கிறாள். தெருவெல்லாம் ரத்தம். அவர் வரையும் அறைகளில் கால்வைக்க இடமிருக்காது: பாட்டில், கத்தி, குப்பை, எங்கும் மை இருட்டு. சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டுவோம், வயிற்றைப் பிசையும். பத்தாண்டு அப்படி வரைந்தவர் 2000-ஐ ஒட்டி காமிக்ஸையே விட்டுவிட்டார். ஓயாத உழைப்பு, சொற்ப வருமானம், சுற்றிலும் ஆண்கள் கும்பல், சலித்துப் போயிற்று.

2022-இல் அவருக்குக் கிராண்ட் பிரி. ஆள் கடையைக் கட்டி இருபது ஆண்டு ஆன பிறகு மாலை! அந்த முறை இறுதிச் சுற்றுக்கு வந்த மூவருமே பெண்கள். ஆறே ஆண்டில் எங்கிருந்து முளைத்தார்களோ?

திருந்திவிட்டார்கள் என்று நினைத்தீர்களா? பாலியல் வன்கொடுமைப் புகார் கொடுத்த ஊழியர் ஒருவரை விழா நிறுவனம் வேலையை விட்டு நீக்கிய செய்தி 2025-இல் வெளிவந்தது. புகாருக்கும் நீக்கத்துக்கும் சம்பந்தமில்லை என்றது நிறுவனம். வேறென்ன சொல்லும்? அந்த ஆண்டு கிராண்ட் பிரி வாங்கிய அனுக் ரிக்காரே வரமாட்டேன் என்றார். நூற்றுக்கணக்கான கலைஞர்கள் சேர்ந்துகொண்டார்கள். பணம் கொடுக்கும் அரசு அமைப்புகளும் கைவிரித்தன. 2026 ஜனவரி விழா ரத்து.

விடுதி முன்பதிவு போச்சு, புத்தக விற்பனை போச்சு என்று ரத்தானதும் புலம்பினார்கள். இந்த நஷ்டத்துக்கு மட்டும் உடனே கணக்குப் போட வந்தது.