எதற்கும் இருக்கட்டும்

ஆகஸ்டு மாதத்து நடுப்பகலில், ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் கால்வாய் ஒன்றில் கட்டிப்போட்டிருக்கும் என் சிறு படகின் ஏ.சி.க்குக் கடல்நீரை ஊட்டிக்கொண்டிருந்த பம்பு, மோட்டாருக்குள் உப்பு நீர் புகுந்து பிராணனை விட்ட நிமிஷத்திலிருந்து, பம்பைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத பிராணி இந்தப் பூமண்டலத்தில் ஒன்றுகூட இல்லை என்ற ஞானம் எனக்கு உண்டாகியிருக்கிறது. படகுத்துறையில் எனக்கு இடப்பக்கத்துக்காரர், வலப்பக்கத்துக்காரர், நாயை உலாத்த அழைத்து வந்தவர், பம்பு விற்கும் கடைக்காரர், அந்தக் கடையில் கயிறு வாங்க வந்து எனக்குப் பின்னால் நின்றவர், டாலஸிலிருந்து தொலைபேசியில் பேசிய என் மருமகன் ஆகிய அனைவரும், தங்களுக்குள் கலந்து பேசாமலே, ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: “மாமா, எதுக்கும் இருக்கட்டும், ஒரு சைஸ் பெரிசாவே வாங்கிடுங்க.” மற்றவர்கள் ‘மாமா’ என்று அழைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

எந்தப் பம்பை வாங்குவது உசிதம் என்று சொல்லுவதே இக்கட்டுரையின் உத்தேசம். ஆனால் அதற்கு முன் இந்த உபதேசத்தின் பூர்வீகத்தைச் சற்று விசாரிக்காமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

நம்மில் யார்தான் உடம்புக்கு அளவான சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம்? தையற்காரர் நாடாவைத் தோளில் வைத்தவுடன், “வளர்ற பிள்ளை, கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்” என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லுவாள். நாடா தானாகவே இரண்டு அங்குலம் நீண்டுவிடும். பண்டிகைக்கு முதல் நாள் இரவு வந்து சேரும் அந்த வஸ்திரத்துக்குள் நுழைந்தால், விரல்கள் கைக்குள் மறைந்துவிடும். கழுத்துப்பட்டைக்குள் என் கழுத்தோடு என் தம்பியின் கழுத்துக்கும் இடம் இருக்கும். நிஜாரோ, அரைஞாண் கயிற்றின் பரோபகாரத்தினால் மாத்திரம் இடுப்பில் நிற்கும். “அடுத்த வருஷம் சரியாயிடும்” என்பார் அப்பா. அடுத்த வருஷம் சட்டை சாயம் போய்த் தோளில் இறங்கி நிற்கும். அதற்கும் அடுத்த வருஷம் உடம்பு சட்டையை எட்டிப் பிடிக்கும் தறுவாயில், முழங்கையில் கிழிந்து தம்பிக்குப் போய்விடும். அவனுக்கு அது இன்னும் இரண்டு சைஸ் பெரிசு. எனக்கும் என் சட்டைக்கும் அளவு பொருந்திய காலம் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். அநேகமாக அது ஏதாவது ஒரு கோடை விடுமுறையில், நான் வெற்றுடம்போடு திரிந்த நாட்களில், வந்து போயிருக்கும். அப்படி வளர்ந்த பிள்ளைகள்தாம் பிற்காலத்தில் இருவர் மட்டுமே வசிக்கும் வீட்டுக்குப் பத்து லிட்டர் குக்கரும், வருஷத்துக்கு ஒரு தடவை வரும் விருந்தாளிக்காக எட்டு நாற்காலி மேஜையும் வாங்குகிறார்கள். காலணியைக்கூட முன்னால் பஞ்சு வைத்துக்கொள்ளலாம் என்று பெரிதாக வாங்கிய மனிதரை நான் அறிவேன். அவர் கால் வளரும் வயதைக் கடந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது.

பிள்ளை வளரும், ஏ.சி. வளராது. குளிர்விக்கும் திறன் 16,000 பி.டி.யு. என்று பிறந்த யந்திரம் 16,000 பி.டி.யு. என்றேதான் சாகும். 12,000 பி.டி.யு. சேர்ந்தது ஒரு டன். அறைச் சூட்டைக் கடலில் கழிக்க ஒரு டன்னுக்கு நிமிஷத்துக்குச் சுமார் 3 காலன் கடல்நீர் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே என் யந்திரத்தின் தாகம் நிமிஷத்துக்கு 4 காலன், அதாவது 15 லிட்டர். இங்கே கோடையில் கடல்நீரே 30 டிகிரி இருப்பதனால் இதில் குறைத்துக் கொடுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு பங்கு கொடுத்தால் அறை இரண்டு பங்கு குளிர்ந்துவிடாது. வேகம் மிஞ்சினால், சூட்டைக் கழிக்கும் செம்பு-நிக்கல் சுருளை அந்த நீரே உட்புறமிருந்து அரித்துத் தின்னும். இதை நான் கடைக்காரரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஆயிரம் காலன் பம்புப் பெட்டியை என் பக்கம் ஓர் அங்குலம் நகர்த்தினார்.

அந்தப் பெட்டிமேல் அச்சிட்ட ‘மணிக்கு 1,000 காலன்’ என்பது, ஹோஸும் வளைவும் வடிகட்டியும் ஏற்றமும் இல்லாமல், வாயைத் திறந்து வைத்து அளந்த எண். படகில் படுக்கைக்கடியில் பம்பைப் பொருத்தி, இத்தனை தடைகளையும் தாண்டச் சொன்னபிறகு மிஞ்சுவது எவ்வளவு என்பதைக் காட்டும் வளைகோட்டுப் படம் உள்ளே ஒரு காகிதத்தில் இருக்கும். அதை யாரும் பிரிப்பதில்லை.

பம்பு பெரிதானால் அதோடு விவகாரம் முடிந்துவிடுமா? பம்பின் வாய்க்கு ஏற்ற ஹோஸ், ஹோஸுக்கு ஏற்ற வடிகட்டி, வடிகட்டிக்கு ஏற்ற வால்வு, வால்வுக்கு ஏற்ற துளை என்று போய், கடைசியில் படகைக் கரையேற்றி அதன் அடிவயிற்றில் பெரிய ஓட்டையாகப் போட வேண்டும். படகு வாங்கியதே மிதப்பதற்காக என்று இன்றளவும் நம்பிக்கொண்டிருப்பவன் நான்.

இந்தக் குளிர்ச்சி அவஸ்தை என்னோடு தொடங்கியதல்ல. காய்ச்சல்காரர்களின் அறையைக் குளிரச்செய்யவேண்டிப் பாடுபட்டு, பனிக்கட்டி யந்திரம் ஒன்றுக்கு 1851-ல் காப்புரிமை பெற்ற டாக்டர் ஜான் கோரி வாழ்ந்தது இதே ஃபுளோரிடாவில், அபலாச்சிகோலா என்னும் ஊரில். அதனால் லாபம் எதையும் காணாமலே அவர் 1855-ல் காலமானார். இன்று வாஷிங்டனில் காங்கிரஸ் கட்டடத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. குளிர்ச்சிக்காகப் பாடுபடுகிறவனுக்கு இந்த மாநிலத்தில் உயிருள்ளபோது கிடைப்பது உபதேசம் ஒன்றுதான்.

பம்பைப் பற்றி இன்னும் ஒன்று. படகு ஏ.சி.க்கு வழக்கமாகப் பொருத்தும் பம்பு காற்றை உறிஞ்சி நீரை மேலே இழுக்காது. நீர்மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்து, தானாக வந்து சேரும் நீரைத் தள்ளும், அவ்வளவே. ஹோஸ் நெடுகிலும் ஏறிக்கொண்டே போகாமல் ஓரிடத்தில் தொங்கி எழுந்தால், அங்கே காற்று அடைத்துக்கொள்ளும்; பிறகு ஆயிரம் காலன் பம்பானாலும் சுற்றும், சப்தமிடும், ஒரு சொட்டு வராது. வடிகட்டியில் சர்காசம் பாசி அடைத்தாலும் இதே கதி. பம்பு பெரிது, சிறிது என்ற வாதத்துக்கு இங்கே இடமே இல்லை என்பதனால், துறையில் ஒருவரும் இவற்றைப் பிரஸ்தாபிப்பதில்லை.

எந்தப் பம்பு உசிதம் என்பதை இத்தோடு சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் வலப்பக்கத்துக்காரர் தம் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். வாசகர்களில் படகு வைத்திருக்கும் அன்பர்கள் யாரேனும் எனக்குக் கடிதம் எழுத எண்ணினால், தயவுசெய்து ஐந்து லிட்டர் வாளி ஒன்றைத் தங்கள் ஏ.சி.யின் நீர் வெளியே விழும் இடத்தில் பிடித்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்பதையும், யந்திரம் எத்தனை பி.டி.யு. என்பதையும் மட்டும் எழுதுங்கள். என்னுடையதற்கு இருபது விநாடி போதும். அபிப்பிராயம் வேண்டாம்.